கேள்வி – பதில்: கல்லீரலைக் காக்கும் மருந்து என்று எப்போது சொல்லலாம்?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. நஞ்சுகளாலும் மருந்துகளாலும் கல்லீரலுக்கு ஏற்படும் சேதத்தைத் தடுப்பதற்கான புதிய சேர்மங்களை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை முடிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நஞ்சை முறிப்பதுதான் கல்லீரலின் வேலை என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, நஞ்சு என்றாலே அந்த உறுப்புதான் முதலில் சேதமடைகிறது என்கிறார்களே, அது எப்படி?
– பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: முதல் காரணம் கல்லீரல் அமைந்திருக்கும் இடம். குடலில் உறிஞ்சப்படும் மருந்தோ நஞ்சோ உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவதற்கு முன்பு போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. கல்லீரலுக்குள் பாயும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தச் சிரை கொண்டுவருவதுதான். எனவே வாய்வழியே உட்கொண்ட பொருளை மிக அதிகச் செறிவில் சந்திக்கும் உறுப்புகளுள் கல்லீரல் முதன்மையானது.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. நஞ்சை முறிக்கும் அதே நொதிகள் சில வேளைகளில் நஞ்சை உருவாக்கியும் விடுகின்றன. கொழுப்பில் கரையும் பொருள்களை நீரில் கரையும் பொருள்களாக மாற்றி வெளியேற்றும் பணியில் சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மாற்றத்தின் இடைக்கட்டத்தில் தோன்றும் சில மூலக்கூறுகள், உட்கொண்ட தாய்ப்பொருளைவிடப் பன்மடங்கு தீவிரமாக வினைபுரியக்கூடியவை.

பாரசிட்டமால் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வழக்கமான அளவில் உட்கொள்ளும்போது அதன் பெரும்பகுதி குளுக்குரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாறித் தீங்கின்றி வெளியேறிவிடுகிறது. 5 முதல் 10 விழுக்காடு வரையிலான சிறு பகுதி மட்டும் 2இ1 என்னும் பி450 நொதியாலும் அதன் உறவு நொதிகளாலும் நாப்கி எனப்படும் வினைத்திறன் மிக்க மூலக்கூறாக மாறுகிறது. கல்லீரல் உயிரணுக்களில் உள்ள குளுட்டாதயோன் அதைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. அளவு மீறும்போது குளுட்டாதயோனின் இருப்பு தீர்ந்துவிட, நாப்கி புரதங்களோடு, குறிப்பாக மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களோடு, பிணைந்துகொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா செயலிழந்து உயிரணு மடிகிறது. பி450 நொதிகள் செறிந்திருப்பது கல்லீரல் நுண்மடல்களின் நடுச்சிரையை ஒட்டிய பகுதியில்தான் என்பதால் சேதமும் அங்கேதான் தொடங்குகிறது. அளவுமீறிய பாரசிட்டமால் மனிதரின் கல்லீரலைச் சேதப்படுத்துவது 1966-இல் மருத்துவ இதழ்களில் பதிவாயிற்று. அதன் வேதியியலை 1973-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தெளிவாக்கினார்கள்.

கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த வரிசையைச் சார்ந்தே நிற்கின்றன: தாய்ப்பொருள், அதிலிருந்து உருவாகும் நச்சு மூலக்கூறு, குளுட்டாதயோன் தீர்தல், மைட்டோகாண்ட்ரியாவின் வீழ்ச்சி, உயிரணு மரணம், அதன்பின் அழற்சியும் மறுவளர்ச்சியும். ஒரு சேர்மம் இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் குறுக்கிடுகிறது என்று தெரியாதவரை, அது கல்லீரலைக் காக்கிறது என்ற சொல்லுக்குப் பெரிய பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மருந்தியல் முதுகலை மாணவி நான். ஒரு தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த சேர்மத்தை எலிகளுக்கு ஏழு நாட்கள் கொடுத்து, கடைசி நாளில் கார்பன் டெட்ராகுளோரைடு செலுத்தினேன். நஞ்சு மட்டும் பெற்ற எலிகளோடு ஒப்பிட, என் சேர்மத்தைப் பெற்ற எலிகளில் கல்லீரல் சேதத்தைக் காட்டும் இரத்த நொதிகளான எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. ஆகிய இரண்டும் வெகுவாகக் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காகச் சிலிமாரின் என்னும் தாவர மருந்தைக் கொடுத்த குழுவுக்கு நிகரான முடிவு கிடைத்தது. இந்தச் சேர்மம் கல்லீரலைக் காக்கிறது என்று ஆய்வேட்டில் முடிவுரையாக எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம் என்பதே என் அறிவுரை. நீங்கள் நிறுவியிருப்பது, நஞ்சுக்கு முன்பே கொடுத்தால் சேதம் குறைகிறது என்பது மட்டுமே. அதற்கான காரணத்தை இன்னும் தேடவில்லை. அந்தக் காரணத்தைப் பொறுத்தே உங்கள் சேர்மத்தின் மதிப்பு அமையும்.

கார்பன் டெட்ராகுளோரைடு தன்னளவில் உயிரணுவைக் கொல்வதில்லை. 2இ1 நொதி அதிலிருந்து ஒரு குளோரின் அணுவைப் பிரிக்கும்போது உண்டாகும் டிரைகுளோரோமெத்தில் தனியுறுப்பே (தனி எலக்ட்ரான் கொண்ட, தீவிரமாக வினைபுரியும் துணுக்கே) உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பைத் தாக்கிச் சிதைக்கிறது. மரபணு மாற்றத்தால் அந்த நொதி இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்கு இந்த நஞ்சைச் செலுத்தினால் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. இதிலிருந்து பெறப்படுவது என்ன? 2இ1 நொதியைத் தடுக்கும் எந்தப் பொருளும், அதற்கு வேறு எந்த நற்குணமும் இல்லாவிட்டாலும், இந்தச் சோதனையில் கல்லீரலைக் காக்கும் மருந்தாகவே தோன்றும். தீ மூட்டவந்தவரின் கையைப் பிடித்து நிறுத்துவதும் பற்றி எரியும் தீயை அணைப்பதும் ஒன்றல்ல. மருத்துவமனைக்கு வருகிற நோயாளியின் கல்லீரலில் தீ ஏற்கெனவே பற்றியிருக்கிறது.

எனவே முதலில் செய்ய வேண்டிய சோதனை, உங்கள் சேர்மம் அந்த நொதியின் செயலைக் குறைக்கிறதா என்று கல்லீரல் மைக்ரோசோம்களில் (இந்த நொதிகள் அடங்கிய, உயிரணுவிலிருந்து பிரித்த சவ்வுத் துணுக்குகளில்) அளந்து பார்ப்பது. பாரசிட்டமாலால் சேதம் உண்டாக்கும் சோதனை மாதிரியிலும் இந்தச் சேர்மத்தைச் சோதித்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். பட்டினி போட்ட சுண்டெலிகளுக்குக் கிலோ எடைக்கு 300 மில்லிகிராம் அளவில் பாரசிட்டமால் செலுத்தினால், சுமார் அரைமணி நேரத்துக்குள் கல்லீரலின் குளுட்டாதயோன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தத் தொடக்க நேரத்திலேயே சில விலங்குகளில் குளுட்டாதயோனையும், நாப்கி பிணைந்த புரதங்களின் அளவையும் பார்த்துவிடுங்கள். சேர்மம் பெற்ற குழுவில் குளுட்டாதயோன் தீரவே இல்லையென்றால், நச்சு மூலக்கூறு உருவாகவில்லை என்றே ஐயப்பட வேண்டும். 24 மணி நேரம் கழித்து மட்டும் குளுட்டாதயோனை அளந்துவிட்டு, என் சேர்மம் அதை உயர்த்தியது என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். சேதம் குறைந்த கல்லீரலில் குளுட்டாதயோன் விரைவாக மீள்வது இயல்பு என்பதால், அந்த அளவீடு காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் அதற்கெதிரான காப்பையும் அளக்கப் பயன்படும் மாலோண்டையால்டிஹைடு, சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் ஆகியவற்றின் அட்டவணைகளுக்கும் இதே குறை உண்டு.

அடுத்து, சேர்மத்தை எதில் கரைத்தீர்கள் என்று பாருங்கள். நீரில் கரையாத சேர்மங்களுக்கு டைமெத்தில் சல்பாக்சைடைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கரைப்பானே 2இ1 நொதியைத் தடுத்துப் பாரசிட்டமாலின் நச்சுத்தன்மையைக் குறைத்துவிடும். நஞ்சு மட்டும் பெறும் குழுவுக்கு அதே கரைப்பானை அதே அளவில் கொடுத்திராவிட்டால், உங்கள் சேர்மத்தின் பெயரில் கரைப்பானின் வேலையைப் பதிவு செய்திருக்கக்கூடும். இது சிறிய விவரமாகத் தோன்றலாம். இந்த ஒரு விவரத்தால் பயனற்றுப்போன ஆய்வுகள் பல.

கொடுக்கும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். நஞ்சுக்குப் பின் ஒன்றரை மணி நேரம், மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம் என்று தள்ளித் தள்ளிக் கொடுத்தால், எந்தக் கட்டம் வரை உங்கள் சேர்மம் பயன்படுகிறது என்பது வெளிப்படும். நஞ்சு வளர்சிதை மாற்றம் அடைந்து முடிந்த பிறகும் அது உதவினால், உங்களிடம் உண்மையிலேயே ஆராயத்தக்க ஒரு பொருள் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவிலோ அழற்சியிலோ மறுவளர்ச்சியிலோ அது செயல்படக்கூடும்.

இவற்றோடு, சேர்மம் மட்டும் பெறும், நஞ்சு பெறாத ஒரு குழுவும் வேண்டும். ஒரே அளவில் நின்றுவிடாமல் குறைந்தது மூன்று அளவுகளில் கொடுத்து, அளவு கூடக்கூட விளைவு எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள். எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பது குலுக்கல் முறையில் நடக்க வேண்டும். திசுத் தகடுகளைப் பார்த்து மதிப்பெண் இடும் நோயியலாளருக்கு எந்தத் தகடு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியக் கூடாது. சிலிமாரினுக்கு நிகர் என்ற ஒப்பீட்டுக்கு அதிக மதிப்புத் தர வேண்டாம். அதன் காரணத்தைப் பின்னால் ஒரு பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. குறைந்தால் கல்லீரல் குணமாகிறது என்றுதானே பொருள்?

பதில்: எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. இந்த நொதிகள் கல்லீரல் உயிரணுவுக்குள் இருக்க வேண்டியவை; உயிரணு சிதையும்போது இரத்தத்தில் கசிகின்றன. 1950-களின் நடுவில் ஆர்தர் கார்மனும் உடன் பணியாற்றியவர்களும் இவற்றை அளக்கும் முறையை உருவாக்கியதிலிருந்து, கல்லீரல் சேதத்தைக் கண்டறிய இவையே முதற்கருவியாக இருந்து வருகின்றன. ஆனால் இவை காட்டுவது அண்மையில் எவ்வளவு சேதம் நேர்ந்தது என்பதையே. எஞ்சியிருக்கும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அல்ல. புதிய சேதம் நின்றுவிட்டால் எந்த மருந்தும் இன்றியே எஸ்.ஜி.பி.டி. ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், எஸ்.ஜி.ஓ.டி. ஒரு நாளுக்குள்ளாகவே பாதியாகிவிடும். கடுமையான கல்லீரல் செயலிழப்பில் கசிவதற்கு உயிரணுக்களே மிஞ்சாத நிலையிலும் இந்த எண்கள் சரியும். அப்போது மஞ்சள்காமாலைக்குக் காரணமான பிலிரூபின் நிறமியும் இரத்தம் உறையும் நேரமும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் நொதிகள் குறைந்ததை மட்டும் வைத்து ஒரு சேர்மத்தைப் பாராட்டக் கூடாது. உறையும் நேரம், பிலிரூபின், இரத்தச் சர்க்கரை, திசுவின் தோற்றம், இறுதியாக விலங்கு பிழைத்ததா இல்லையா என்பவை எல்லாம் ஒரே திசையில் பேச வேண்டும்.

மற்றொன்று: இந்த இரு நொதிகளும் தசையிலிருந்தும் வரக்கூடும். ஐயம் இருக்குமிடத்தில், தசையில் மிகக் குறைவாக இருக்கும் குளுட்டமேட் டிஹைட்ரஜனேஸையும், கல்லீரலுக்கே பெரிதும் உரிய மைக்ரோ ஆர்.என்.ஏ. 122-ஐயும் ஆய்வுக்கூடங்கள் இப்போது அளக்கின்றன.

கேள்வி: கார்பன் டெட்ராகுளோரைடு, பாரசிட்டமால், கேலக்டோசமைன் என்று வெவ்வேறு நஞ்சுகளைப் பயன்படுத்துகிறார்களே, ஒன்றில் காத்தால் போதாதா?

பதில்: போதாது, ஒவ்வொன்றும் கல்லீரலை வெவ்வேறு வழியில் அழிக்கிறது. முதலிரண்டைப் பற்றி மேலே எழுதிவிட்டேன். கேலக்டோசமைன் கல்லீரல் உயிரணுவின் யூரிடின் சேமிப்பைக் காலிசெய்து, ஆர்.என்.ஏ. உருவாவதை நிறுத்துகிறது, அதனால் ஏற்படும் திசுச் சேதம் வைரஸ் மஞ்சள்காமாலையின் தோற்றத்தை ஒத்திருப்பதால் 1968 முதல் ஆய்வாளர்கள் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். தயோஅசிட்டமைடைப் பல வாரங்கள் கொடுத்தால் நார்த்திசு பெருகிச் சிரோசிஸ் உண்டாகும் என்பதால், அது நீண்டகாலச் சேதத்தைப் படிக்க உதவுகிறது.

இவற்றுள் எனக்கு மிகவும் பாடம் புகட்டிய நஞ்சு அமானிட்டா ஃபாலாய்ட்ஸ் என்னும் காளானில் உள்ள ஆல்ஃபா அமானிட்டின். அது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 நொதியை முடக்கி, உயிரணுவின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது. அந்த நஞ்சு கல்லீரல் உயிரணுவுக்குள் நுழைவதற்கு ஓ.ஏ.டி.பி.1பி3 என்னும் கடத்திப் புரதம் வாயிலாக இருக்கிறது. பால் நெருஞ்சில் என்னும் செடியின் விதையிலிருந்து கிடைக்கும் சிலிமாரினின் முக்கியக் கூறாகிய சிலிபினின், அந்தக் கடத்தியைத் தடுக்கிறது. ஐரோப்பிய மருத்துவமனைகளில் காளான் நச்சு நோயாளிகளுக்குச் சிலிபினினைச் சிரை வழியே செலுத்துவதற்கு இதுவே அடிப்படை. இங்கே அந்தச் சேர்மத்துக்கு ஒரு குறிப்பிட்ட நஞ்சும், ஒரு குறிப்பிட்ட வாயிலும், விளக்கத்தக்க ஒரு செயலும் இருக்கின்றன.

அதே தாவரப் பொருளை எல்லாக் கல்லீரல் நோய்க்கும் பொதுவான காப்பாக நீட்டியபோது என்ன ஆயிற்று என்பதும் தெரிந்ததே. இன்டர்ஃபெரான் சிகிச்சை பலிக்காத ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 154 பேருக்கு, வழக்கத்தைவிட உயர்ந்த அளவுகளில் 24 வாரங்கள் சிலிமாரின் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது, எஸ்.ஜி.பி.டி. குறைவதில் வெற்று மாத்திரையைவிட அது மேம்பட்டதாக இல்லை. எலியில் சிலிமாரினுக்கு நிகர் என்ற வாசகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். அந்த அளவுகோல் மனிதரிடத்தில் இன்னும் தன்னை நிறுவிக்கொள்ளவில்லை. பாரசிட்டமால் மாதிரிக்கு, அந்த நச்சுக்கு மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் அசிட்டைல்சிஸ்டீனை ஒப்பீட்டு மருந்தாக வைப்பதே பொருந்தும்.

கேள்வி: எலிகளிலும் நாய்களிலும் பாதுகாப்பானது என்று கண்டபின் மனிதருக்குக் கொடுத்த மருந்துகள் கல்லீரலை அழித்த நிகழ்வுகள் உண்டா? அப்படியானால் விலங்குச் சோதனைகள் எதற்கு?

பதில்: உண்டு. 1993-இல் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான ஃபியாலுரிடின் என்னும் மருந்தை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் 15 நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். விலங்குச் சோதனைகளில் இப்படியொரு ஆபத்துக்கான தெளிவான எச்சரிக்கை இருக்கவில்லை. சில வாரங்கள் சென்றபின் ஏழு பேருக்குக் கல்லீரல் கடுமையாகச் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், இருவர் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிழைத்தார்கள். அந்த மருந்து மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. பெருகுவதைக் கெடுத்தது. மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அதைக் கொண்டுசேர்க்கும் கடத்திப் புரதம், எலிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அவ்வாறு செயல்படுவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. மனிதக் கல்லீரல் உயிரணுக்களைத் தாங்கி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது நச்சுத்தன்மை வெளிப்பட்டது என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஐந்து உயிர்களை நினைவில் வைத்துக்கொண்டே இந்தத் துறையில் எவரும் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

விலங்கினங்களுக்கிடையே உள்ள வேறுபாடும் பெரிது. பாரசிட்டமாலால் சுண்டெலியின் கல்லீரல் மனிதருடையதைப் போலவே சேதமடைகிறது. சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வுக்கூட எலியோ மிக அதிக அளவிலும் சிறு சேதத்தோடு தப்பிவிடுகிறது. அந்தப் பெரிய எலிக்குப் பாரசிட்டமால் கொடுத்து, தம் சேர்மம் காத்தது என்று கூறும் ஆய்வுகளில், காப்பதற்கு அங்கே பெரிய சேதமே இருந்திருக்காது.

இந்த இடைவெளியை நிரப்ப மனித உயிரணுக்களைப் பயன்படுத்துகிறார்கள். கல்லீரல் கட்டியிலிருந்து பெறப்பட்ட ஹெப்-ஜி2 உயிரணுக்கள் எளிதில் வளர்பவை, மலிவானவை. ஆனால் அவற்றில் பி450 நொதிகள் மிகக் குறைவு என்பதால், நச்சு மூலக்கூறாக மாறிய பிறகே தீங்கு செய்யும் பொருள்களை அவற்றில் சோதிப்பது பெரும்பாலும் வீண். கொடையாகப் பெற்ற கல்லீரலிலிருந்து பிரிக்கப்படும் உயிரணுக்களில் அந்த நொதிகள் உண்டு, ஆயினும் தட்டையான தட்டில் வளர்க்கும்போது சில நாட்களில் அவற்றை இழந்துவிடுகின்றன. ஆகவே அவற்றைச் சிறு கோளங்களாகத் திரளச் செய்தும், இரத்த ஓட்டத்தைப் போல் ஊடகம் பாயும் நுண்சில்லுகளில் பிற கல்லீரல் உயிரணுக்களோடு சேர்த்தும் வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இத்தகைய 870 சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்தபோது, மனிதக் கல்லீரலுக்குத் தீங்கு செய்தவற்றில் 87 விழுக்காட்டை அவை சரியாகச் சுட்டின. தீங்கற்ற எதையும் தவறாகக் குற்றம் சாட்டவில்லை. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கா, மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற சட்ட விதியைத் தளர்த்தியது.

ஆயினும் ஒரு சில்லில் குடலும் நோயெதிர்ப்பு மண்டலமும் மூளை வீக்கமும் இல்லை. நஞ்சு பெற்ற ஓர் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு அதனால் விடை தர முடியாது. ஆங்கிலேய ஆய்வாளர்கள் ரசலும் பர்ச்சும் விலங்குச் சோதனைகளுக்காக 1959-இல் முன்வைத்த மாற்றுதல், குறைத்தல், செம்மைப்படுத்துதல் என்னும் மூன்று நெறிகளை மதித்து, முதலில் மனித உயிரணுக்களில் வடிகட்டிவிட்டு, மிஞ்சும் சில சேர்மங்களை மட்டும் தகுந்த விலங்கில் சோதிப்பதே முறையானது. தவறாக வடிவமைத்த சோதனையில் ஓர் உயிர் போவதை நியாயப்படுத்த முடியாது.

கேள்வி: யாருக்கும் நஞ்சு கொடுத்துச் சோதிக்க முடியாதே, அப்படியானால் மனிதரில் எப்படி நிறுவுகிறார்கள்?

பதில்: ஏற்கெனவே நஞ்சுக்கு ஆட்பட்டவர்களைக் கொண்டுதான். பாரசிட்டமாலை அளவு மீறி உட்கொண்டு வந்தவர்களுக்கு, குளுட்டாதயோனை மீண்டும் உருவாக்கத் தேவைப்படும் சிஸ்டீனை வழங்கும் அசிட்டைல்சிஸ்டீனைக் கொடுக்கும் சிகிச்சை 1970-களில் உருவாயிற்று. எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் குழுவினர் 1979-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது ஏறக்குறைய முழுமையாகக் காக்கிறது. 1988-இல் அமெரிக்காவில் 2,540 பேரைக் கொண்டு வெளியான பெரிய ஆய்வில், பாதிக்கப்படும் வாய்ப்பு இருந்தவர்களுள் பத்து மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியோரில் 6.1 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கியோரில் 26.4 விழுக்காட்டினருக்கும் கல்லீரல் சேதம் ஏற்பட்டது. அந்த மாணவியிடம் கொடுக்கும் நேரத்தை மாற்றிப் பார்க்கும்படி நான் வற்புறுத்தியதன் பொருள் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

பாரசிட்டமால் அல்லாத காரணங்களால் கல்லீரல் திடீரெனச் செயலிழந்த 173 பேரிடம் இதே மருந்தைச் சோதித்த ஆய்வு 2009-இல் வெளியானது. மூன்று வார முடிவில் பிழைத்தோரின் மொத்த விகிதத்தில் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் மயக்கம் தொடக்க நிலையில் இருந்தவர்களில், மாற்று அறுவை இன்றியே பிழைத்தோர் மருந்து பெற்ற குழுவில் 52 விழுக்காடு, பெறாத குழுவில் 30 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இந்த வேறுபாட்டைக் கண்டிருக்க முடியாது. கல்லீரல் தானாகவே மீளும் ஆற்றல் உடையது என்பதால், குழு பிரிக்காமல் கொடுக்கப்படும் எந்த மருந்தும் வெற்றி பெற்றதாகவே தோன்றும்.

கேள்வி: காக்க வந்த சேர்மமே கல்லீரலைக் கெடுக்காது என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: விலங்குகளில் படிப்படியாக அளவை உயர்த்திக் கொடுத்துப் பார்ப்பது முதல் படி. மனிதச் சோதனைகளில் அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் ஹைமன் சிம்மர்மனின் பெயரால் வழங்கும் விதியைப் பின்பற்றுகிறார்கள். எஸ்.ஜி.பி.டி. இயல்பின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்குக்கு மேலும், பித்தநீர் அடைப்பு இன்றிப் பிலிரூபின் இரண்டு மடங்குக்கு மேலும், வேறு காரணம் எதுவும் இல்லாமல் ஒருவருக்குச் சேர்ந்து உயர்ந்தால், அந்த மருந்து கடும் கல்லீரல் சேதத்தை விளைவிக்கக்கூடியது என்று கொள்ள வேண்டும். அத்தகைய நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழக்கவோ மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலையை எட்டவோ நேரலாம். ஆயிரங்களில் ஒருவருக்கு வரும் தீங்கு சில நூறு பேர் பங்கேற்கும் சோதனையில் தென்படாமலே போகலாம். நீரிழிவுக்கான டிராக்ளிட்டசோன் 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இப்படிப் பின்னால் தெரியவந்த கல்லீரல் சேதத்தால் 2000-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

கேள்வி: என் தாயார் காசநோய்க்கு மருந்து உட்கொண்டு வருகிறார். இணையத்தில் கல்லீரல் பாதுகாப்பு மாத்திரை என்று விற்பதையும் உடன் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் தீங்கை முன்கூட்டியே தடுப்பதாக நம்பத்தக்க வகையில் நிறுவப்பட்டு, எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படும் மாத்திரை எதுவும் இல்லை. சிலிமாரினைக் கொண்டு செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இன்னொரு கவலையும் உண்டு. இயற்கையானது என்று விற்கப்படும் துணைப்பொருள்களில் சிலவே கல்லீரலைச் சேதப்படுத்துகின்றன. அமெரிக்காவின் மருந்துவழிக் கல்லீரல் சேதப் பதிவேட்டில் மூலிகை மற்றும் உணவுத் துணைப்பொருள்களால் வந்த நேர்வுகள் 2004-க்கும் 2013-க்கும் இடையே 7 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தன. பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளும், எளிதில் உறிஞ்சப்படும்படி மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளும் அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கின்றன. நாளை உங்கள் தாயாரின் நொதிகள் உயர்ந்தால், அதற்குக் காசநோய் மருந்து காரணமா, இந்த மாத்திரை காரணமா என்று மருத்துவரால் பிரித்தறிய முடியாமல் போகும். தேவையின்றி முதன்மை மருந்தை நிறுத்த நேரிடலாம்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. பசியின்மை, குமட்டல், மிகுந்த சோர்வு, சிறுநீர் அடர்நிறமாதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அறிகுறிகளோடு எஸ்.ஜி.பி.டி. மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறி இல்லாமலே ஐந்து மடங்கைத் தாண்டினாலோ, மருத்துவர்கள் அந்த மருந்துகளை நிறுத்தி, நொதிகள் தணிந்தபின் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவார்கள். மது அருந்தும் பழக்கம், பழைய ஹெபடைட்டிஸ் தொற்று ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பாரசிட்டமாலுக்கு இவ்வளவு நல்ல மாற்று மருந்து இருக்கும்போது, அதற்கெனப் புதிய சேர்மங்களைத் தேடுவது ஏன்?

பதில்: எல்லோரும் எட்டு மணி நேரத்துக்குள் வருவதில்லை. முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறு அறிகுறி இல்லாமலிருக்கலாம் என்பதால் பலர் தாமதமாகவே வருகிறார்கள். வலிக்காகச் சில நாட்கள் தொடர்ந்து அளவு மீறி உட்கொண்டவர்களுக்கு, தாம் நஞ்சுண்டிருக்கிறோம் என்பதே தெரியாது. தாமதமாகக் கொடுத்தாலும் அசிட்டைல்சிஸ்டீன் வீணாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லீரல் செயலிழந்த பின் சிகிச்சை தொடங்கிய 50 பேரைக் கொண்டு 1991-இல் வெளியான ஆய்வில், அந்த மருந்தைப் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 20 விழுக்காட்டினரும் பிழைத்தார்கள். எனினும் பாதிக்கு மேற்பட்டோரை அதனாலும் காக்க முடியவில்லை.

ஆகவே தேடல் இரண்டு திசைகளில் நடக்கிறது. மெத்தனால், எத்திலீன் கிளைக்கால் நச்சுகளுக்குப் பயன்பட்டுவரும் ஃபோமிபிசோல் 2இ1 நொதியைத் தடுப்பதால், மிகப் பெரிய அளவில் பாரசிட்டமால் உட்கொண்டு, அது இன்னும் இரத்தத்தில் இருக்கும்போதே வருபவர்களுக்கு அசிட்டைல்சிஸ்டீனோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் பெருகும், தீங்கான ஆக்சிஜன் வடிவமான சூப்பர் ஆக்சைடை அழிக்கும் கால்மங்காஃபோடிபிர் என்னும் சேர்மமும் மனிதச் சோதனைக்கு வந்திருக்கிறது. இவை இரண்டும் சேதத்தின் முற்பகுதியைக் குறிவைப்பவை. எனக்கு அதிக நம்பிக்கையும் ஏக்கமும் இருப்பது இரண்டாவது திசையில்தான்: மடிந்த பகுதியைச் சுற்றியிருக்கும் உயிரணுக்களை விரைவாகப் பிரிந்து பெருகச் செய்யும் சேர்மங்கள். மூன்றில் இரண்டு பங்கை வெட்டி அகற்றினாலும் எலியின் கல்லீரல் ஏறத்தாழ பத்து நாட்களில் பழைய எடையை எட்டிவிடும் என்பது 1931 முதல் அறியப்பட்ட உண்மை. ஆனால் கடும் நச்சுச் சேதத்தில் அந்த ஆற்றல் தடைபட்டுவிடுகிறது. அதை விடுவிக்கும் ஒரு சேர்மத்தைச் சோதிக்க விரும்புவோர், சுண்டெலியில் எஸ்.ஜி.பி.டி. உச்சத்தை எட்டிய பிறகே அதைக் கொடுக்கத் தொடங்கி, உயிரணுப் பிரிவையும் பிழைத்தலையும் பல நாட்கள் பின்தொடர வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்புநீரைக் கொடுக்காமல், மருத்துவமனையில் எப்படியும் கொடுக்கப்படும் அசிட்டைல்சிஸ்டீனைக் கொடுக்க வேண்டும்.